படகுப் புட்டி

நவம்பர் 12, புதன். நேற்று மாலை வகுப்பிலிருந்து திரும்பும் பேருந்தில் எழுதியதில் ஒரு பிழை. 'அப்பா ஷெட்டில் இருக்கிறார், நான் போனதும் ரெசின் கலக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறேன். அப்போது அப்பா இறந்திருந்தார். வரியை அடிக்கவில்லை.

ஜெப்சி பேனாவை மூடுவதற்குள் சித்தப்பா செல்வதாஸ் வாசலில் நின்று கூப்பிட்டார். பந்தலில் நாற்காலி போதவில்லை, ஷெட்டில் கிடப்பதை எடுக்க வேண்டும் என்றார். அவள் முன்னறையில் சவப்பெட்டியைச் சுற்றியிருந்த பெண்களைத் தாண்டிப் பின்வாசல் வழியாகப் போனாள்.

கதவைத் திறந்ததும் மூக்கைக் கீறும் மணம் வந்தது. குளச்சலில் படகுப் பட்டறையில் வேலைபார்த்த அப்பாவின் சட்டையில் தினமும் வீட்டுக்கு வரும் மணம்தான். ஆனால் ஷெட்டுக்குள் அது வந்ததில்லை. அங்கே அப்பாவும் அவளும் கட்டிவந்த விமானத்துக்குக் கலக்கும் எபாக்ஸி ரெசின் வேறு, அது இப்படி மணக்காது.

இரண்டு பேர் உட்காரும் விமானம். உள்ளே நுரைப்பலகை, மேலே கண்ணாடி நார்த்துணி, அதன் மேல் பூச்சு. மாவுபோல் எடையில்லாத பொடியை ரெசினில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் நீளக் கட்டையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்க வேண்டும். பூசியதில் பெரும்பகுதி தூசியாகப் போய்விட வேண்டும். பள்ளத்தில் மட்டும் நிற்க வேண்டும். துணியின் இழை தெரியத் தொடங்கும் இடத்தில் கை நிற்க வேண்டும். போன மழைக்காலம் முழுக்க ஜெப்சி தேய்த்தது அப்படித்தான்.

இடது இறக்கையில், உடலோடு சேருமிடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. அப்பா கடைசியாகப் போட்டது. மழை ஈரத்தில் இன்னும் காயவில்லை. தொட்டதும் விரலில் ஒட்டியது. விமானத்தில் யாரும் போடாத பாரம்.

"சித்தப்பா, இது படகுக்குப் போடுத புட்டியில்லியா?"

செல்வதாஸ் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "பின்ன? ஹோட்டல்காரனுக்கு வெளிய பளபளன்னு இருந்தாப் போராதா?"

"எந்த ஹோட்டல்?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அடுக்கியதைக் கீழே வைத்தார். பிறகு, மறைக்க வழியில்லாதவராக, ஒவ்வொன்றாகச் சொன்னார். அஞ்சுகிராமத்தில் புதிதாக ஒரு ஹோட்டல் வருகிறது. அதன் மொட்டைமாடியில் விமானத்தைக் காட்சிக்கு ஏற்றி நிறுத்தப் போகிறார்கள். அப்பா ஈஸ்டருக்கே வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்கும் முன்பு, ஜெப்சி வகுப்புக்குப் போயிருந்த ஒரு நாள், இருவரும் எடை தாங்குமா என்று இறக்கையின் மேல் மணல்மூட்டை அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே நடுச்சட்டம் விரிசல் விட்டது, இனி அது பறக்காது. அப்பா அதன் மேல் துணி ஒட்டி மூடினார்.

"அது எப்பம்?"

"ஒனக்குப் பெங்களூர் வேலை வந்துதே, அதுக்கு முந்தின வாரம்."

அந்த வேலைக்கு அவள் போகவில்லை. பூச்சு முடியட்டும், முதல் பறப்பில் பக்கத்து இருக்கை உனக்கு என்று அப்பா சொல்லியிருந்தார்.

"பிள்ளைட்ட சொல்லுன்னு நான் சொன்னேன் மக்கா. அண்ணன் சிரிச்சாரு. 'அவ போனா இத ஆரு தேய்ப்பா'ன்னாரு."

ஜெப்சி விரலைத் தாவணியில் துடைத்தாள். புட்டி போகவில்லை. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு நடந்தாள்.

பந்தலில் ராஜையன் இருந்தார், அப்பாவோடு பட்டறையில் வேலைபார்த்தவர். அவளுடைய கையிலிருந்து ஒரு நாற்காலியை வாங்கிப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"இனி அத எப்பம் மக்கா ஏத்துவாவ?"

மாதக்கணக்காக எல்லோரும் கேட்ட கேள்வி. கோயில் வாசலில், மீன்கடையில், பேருந்தில். 'எப்பம் ஏத்துதிய?' அவள் ஒவ்வொரு முறையும் வானத்தை நினைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் என்று சொல்லியிருந்தாள். அவர்கள் தலையாட்டியிருந்தார்கள். சோறு போடும்போது அம்மாவும் ஒருநாள் கேட்டாள், அதே சொல்லில்.

"தெரியாது மாமா," என்றாள்.

போதகர் வந்துவிட்டார். உள்ளே பாட்டு தொடங்கியது. அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜெப்சி எதிரே போய் நின்றாள். அம்மா அவளுடைய விரலில் இருந்த இளஞ்சிவப்பைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அப்பாவின் சட்டைக் காலரை, அது நேராகத்தான் இருந்தது, இன்னொரு முறை நேராக்கினாள்.

பெட்டியை மூடும் முன் முத்தம் கொடுக்கச் சொன்னார்கள். அம்மா கொடுத்தாள், சித்தப்பா கொடுத்தார். ஜெப்சியின் முறை வந்தபோது அவள் குனிந்து அப்பாவின் காலடியில் கிடந்த பூமாலையை உள்ளே தள்ளிவைத்தாள். ஆணி அடிப்பவருக்கு வழிவிட்டு விலகினாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றி விரலைத் தேய்த்துக் கழுவினாள். காலையில் எழுதிய பக்கத்தில் பாதி மீதியிருந்தது. அதில் எழுதினாள்:

நாளை: புட்டி காய்ந்துவிடும். தேய்க்க ஆள் பார்க்க வேண்டும்.