மரியம்மாள் கொண்டுவந்த மசோதா

கோவிந்தராசு சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடி, உறுப்பினர் ஆங்கிலத்தில் பேசி முடிப்பதற்குள் அவர் தமிழில் பேசி முடித்துவிடுவார். அமைச்சர் தும்மினால் அதையும் பிழையில்லாமல் தமிழில் தும்முவார் என்று டெக்கா சந்தை முழுக்கப் பேச்சு.

அந்தத் தொழில் வீட்டுக்குள்ளும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அவருடைய புக்கிட் மேரா வீட்டில் சட்னிக்குத் தேங்காயைக் குறைப்பதென்றாலும் மசோதாதான். காலையில் அறிவித்தால் முதல் வாசிப்பு. மதியம் விவாதம், அது இரண்டாம் வாசிப்பு. திருத்தம் இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். மாலைத் தேநீரின்போது மூன்றாம் வாசிப்பு. யாரும் ‘மறுக்கிறேன்’ என்று சொல்லாவிட்டால் அது சட்டம்.

மனைவி மரியம்மாள் ஒருநாளும் மறுத்ததில்லை. தபால் நிலைய வேலையை அவள் விட்டது, டெக்கா பக்கத்திலிருந்து வீடு மாறியது, எல்லாமே ஏகமனதாக நிறைவேறியவை. உலகத்திலேயே எதிர்க்கட்சி இல்லாத ஒரே வீடு தன்னுடையதுதான் என்று காப்பிக்கடையில் மார்தட்டுவார்.

அன்று காலை தோசையைத் தட்டில் போட்டுவிட்டு மரியம்மாள் சொன்னாள்:

“இன்னிக்கி நான் ஒரு மசோதா கொண்டு வரேன்.”

கோவிந்தராசு குதூகலத்தில் மேசையைத் தட்டினார். “அப்படிப் போடு. என்ன மசோதா?”

“காத்தோங்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். திரும்பி வரப் போறதில்ல.”

பிய்த்த தோசையை அவர் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மதியம் அவர் திருத்தங்களை அடுக்கினார்.

“நாலு நாள் அங்க, மூணு நாள் இங்க?”

“வேணாங்க.”

“குழு போட்டு விசாரிக்கலாம். நம்ம நிரஞ்சனா வரட்டும்லா.”

“மககிட்ட போன்லயே சொல்லிட்டேன்.”

“காரணம் சொல்லணும். விதி இருக்கு.”

“இத்தனை வருஷமா நான் வாயத் திறக்கல. நீங்க அத சம்மதம்னு எடுத்துக்கிட்டீங்க. நான் அழுதுக்கிட்டு இருந்தேங்க, சமையக்கட்டுல.”

ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கி வாயால் விட்டவருக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் அகப்படவில்லை.

மாலையில் தேநீரை வைத்துவிட்டு அவள் நின்றாள். வாசலில் பெட்டி தயாராக இருந்தது.

“மூணாவது வாசிப்பு. யாராச்சும் மறுக்குறீங்களா?”

யாராச்சும் என்றால் அவர் ஒருவர்தான். ‘மறுக்கிறேன்’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார். வாழ்நாளில் அவள் கொண்டுவந்த ஒரே மசோதா, அதையும் தோற்கடிப்பதா? இப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் அவளுக்குத் தான் செய்யும் மரியாதை என்று நினைத்தார்.

தேநீர் ஆறி ஆடை கட்டியது. அவள் கோப்பையை எடுத்துப்போய்க் கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் வந்து எதிரே நின்றாள். அப்புறம் பெட்டியை எடுத்தாள்.

கீழே டாக்சியில் பெட்டியை ஏற்றிவிட்டு, ஓட்டுநருக்கு ஆங்கிலத்தில் வழி சொன்னார். ஜன்னலருகே குனிந்தார்.

“நீ கேட்டத நான் தடுக்கல, மரியா.”

“தடுப்பீங்கன்னு நெனச்சேங்க,” என்றாள்.

ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. வண்டியை எடுத்துவிட்டார்.