பச்சைத் தண்ணி

கூடத்திலும் வாசற்படியிலுமாக ஒன்பது பேர் இருந்தார்கள். அப்பாவையும் சேர்த்தால் பத்து.

அப்பா நடுவில், சாப்பாட்டு மேசையை ஒதுக்கிவிட்டுப் போட்ட கட்டிலில். அம்மா அவர் கால்மாட்டில், தரையில். அப்பாவின் பிரம்பு நாற்காலியில் சித்தப்பா. அவரை யாரும் உட்காரச் சொல்லவுமில்லை, எழுந்திருக்கச் சொல்லவுமில்லை. சோபாவின் ஒரு முனையில் சித்தி, மறுமுனையில் பக்கத்து வீட்டு டீச்சர். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிவிட்டதால் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாகவே கிடந்தது. லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் அப்பாவோடு வேலை பார்த்த மூவர், கதவோரம் மடக்கு நாற்காலிகளில், அடுத்த லாரிக்குக் காத்திருப்பவர்கள் போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கார் மெக்கானிக் மட்டும் உள்ளே வராமல் படியிலேயே இருந்துகொண்டார். கையில் கிரீஸ் இருக்கிறது என்று காரணம் சொன்னார். கையில் கிரீஸ் இல்லை.

ஒன்பதாவது ஆள் மகள். சமையலறை நிலையில் சாய்ந்து நின்று எல்லோரையும் எண்ணிக்கொண்டிருந்தாள். தம்பி கேட்டிருந்தான்.

கப்பலில் இஞ்சின் அறையில் வேலை அவனுக்கு. கம்பெனி வழியாக நேற்று மாலை வந்த செய்தி நாலே வரி. “நடுவில் இறங்க வழியில்லை. கரைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். யார் யார் வந்தாங்க, எங்கே உட்கார்ந்திருந்தாங்க, ஒண்ணு விடாம எழுதி ஏஜென்ட் ஆபீசுக்கு அனுப்பு. வண்டி ஏன் நின்னுச்சு?”

நாலாவது வரிக்கு சித்தப்பாவிடம் பதில் தயாராக இருந்தது.

“எல்லாம் அந்தக் கப்பல்காரன் ஊத்திட்டுப் போன சிவப்புத் தண்ணி பண்ணின வேலை. ஓடுற வண்டியை ஓட விடணும். லீவுல வந்தவன் சும்மா தின்னுட்டுத் தூங்கிட்டுப் போகாம, ரேடியேட்டர்ல இருந்ததையெல்லாம் கழுவி ஊத்திட்டுப் புதுசா ஒண்ணை ஊத்தினான்.”

“வண்டியை இன்னும் தொறந்தே பாக்கலீங்க” என்றார் மெக்கானிக். ஸ்பேனர் என்றுதான் தெருவில் அவரைக் கூப்பிடுவார்கள்.

“என்னத்தைத் தொறந்து பாக்க? பெத்த அப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற நேரத்துல பாலத்து மேல படுத்துக்கிச்சு. இதுக்கு மேல என்ன பாக்கணும்?”

“மெதுவாப் பேசுங்க” என்றாள் அம்மா. யாருக்குத் தொந்தரவு என்று சொல்லவில்லை.

நேற்றுக் காலை காரை ஓட்டியவள் மகள்தான். ஏழு பத்துக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஏழு இருபதுக்குக் கிளம்பிவிட்டார்கள். பின்சீட்டில் அம்மா மடியில் அவர் தலை. பாலம் ஏறும்போது சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. பானெட் விளிம்பெல்லாம் ஆவி. “ஆஃப் பண்ணிரு. அவன் வண்டி. இஞ்சின் போயிரும்” என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் புரியும்படி இல்லை. ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. ஆஸ்பத்திரி நடையில் வைத்து டாக்டர், “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணிப் பாத்திருக்கலாம். ஆனா உறுதியாச் சொல்ல முடியாதும்மா” என்றார். அந்த ‘ஆனா’வைத்தான் அவள் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நாலு மணிக்கு அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டில் இருந்த இடத்துக்கு மேசை திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் ஸ்பேனர் போன் செய்தார். “தங்கச்சி, ஒரு நடை வந்துட்டுப் போறீங்களா? சித்தப்பாவைக் கூட்டிட்டு வரவேணாம்.”

பட்டறையில் காரின் முகப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஸ்பேனர் ஒரு குச்சியை ரேடியேட்டர் வாய்க்குள் விட்டு எடுத்தார். நுனியில் பழுப்பு நிறத்தில், ஆறிப்போன கஞ்சி போல ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

“உள்ள பூரா இதான். அடைச்சுக்கிச்சு. தம்பி ஊத்தின சிவப்பு நல்ல சரக்கு, அஞ்சு வருஷம் தொட வேண்டியதில்ல. யாரோ அது மேல பச்சையை ஊத்திருக்காங்க.”

“பச்சைன்னா?”

“பச்சைக் கலர் கூலன்ட்டு, இஞ்சின் சூட்டைத் தணிக்க ஊத்துறது. அதுவும் தப்பான சரக்கு இல்ல, அதுக்குன்னு வண்டி இருக்கு. கலரையே நம்பக் கூடாதுன்னு வைங்க, வண்டிப் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதான் கணக்கு. ஆனா இந்தப் பச்சையும் அந்தச் சிவப்பும் ஒண்ணாச் சேந்தா இப்படித்தான் கூழாயிடும்.” குச்சியை ஒரு பழைய துணியில் துடைத்தார். “இதுக்குப் பதிலா பச்சைத் தண்ணி ஊத்தியிருந்தாக் கூட ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கும்.”

சொல்லிவிட்டு அவர் கைகழுவப் போய்விட்டார். பட்டறை மூலையில் இருந்த குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் காரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பாவும் தம்பியும் மூன்று வருஷமாக நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. உட்கார்ந்து பார்க்கிற உத்தியோகத்தை விட்டுவிட்டு அவன் கப்பலுக்குப் போனதில் ஆரம்பித்தது. லீவில் வந்தாலும் ஒரே கூடத்தில் இருந்துகொண்டு, “அவனைச் சாப்பிட வரச் சொல்லு”, “அவரைத் தூங்கச் சொல்லு” என்று அவள் வழியாகத்தான் எல்லாம். ‘தபால்காரி’ என்று தம்பி பெயர் வைத்திருந்தான். போகும்போது சாவியைக்கூட அவளிடம் கொடுத்துத்தான் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான். அந்தக் காரை அப்பா வாரத்துக்கு ஒருநாள் துடைத்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து தம்பி போன் செய்தான். இரைச்சல். “தபால்காரி, அவர்கிட்டச் சொல்லு. கூலன்ட் குறைஞ்சிருந்தா...” இடையில் எதுவும் கேட்கவில்லை. பிறகு தெளிவாக வந்தது. “பச்சைத் தண்ணி மட்டும் ஊத்திர வேணாம். ஒரு எழுத்து மாறாமச் சொல்லு.”

அவள் ஒரு எழுத்து மாறாமல்தான் சொன்னாள்.

அந்த வீட்டில் பச்சைத் தண்ணி என்றால் ஒன்றுதான். குழாயில் வருவது, காய்ச்சாதது. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அம்மா வாசலில் நின்று கத்துவாள்: எங்கே போனாலும் பச்சைத் தண்ணி குடிக்காதீங்க. “குழாய்த் தண்ணியைப் பிடிச்சு ஊத்த நான் என்ன லூசான்னு அவன்கிட்டக் கேளு” என்றார் அப்பா. ஆனாலும் அந்த வாரமே அவளையும் கூட்டிக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு கேன்களை எடுத்து வைத்தார். அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டின் மேலும் எழுதியிருந்ததைப் படித்தார். அச்சிட்டதைப் படிக்காமல் அவர் தலைவலி மாத்திரைகூடப் போட்டுக்கொண்டதில்லை.

“அவன் வேற எதுவும் சொன்னானா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. பச்சைத் தண்ணி வேணாம்னு மட்டும்தான்.”

“அப்ப ரெண்டுல எதுன்னாலும் சரிதான்.”

சிவப்புக் கேனில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. பச்சையில் எல்லா வரியையும் படிக்க முடிந்தது. அவர் பச்சையை எடுத்தார். வெளியே வந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் அவள்தான்.

“அண்ணே, பானெட்டை முழுசாத் தூக்குங்க” என்றாள், கைகழுவிவிட்டு வந்த ஸ்பேனரிடம். பச்சையை ஊற்றிய அன்று அப்பா அங்கே ஏதோ ஒட்டியதைப் பார்த்திருந்தாள்.

பானெட்டின் உள்பக்கம் தபால் அட்டையளவில் ஒரு வெள்ளை அட்டை, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. எடைச்சீட்டு எழுதி எழுதிப் பழகிய நேரான எழுத்து. மேலே தேதி. கீழே: “வெறும் தண்ணீர் ஊற்றக் கூடாது. கூலன்ட் மட்டுமே. மகன் சொன்னபடி.”

டேப்பை நகத்தால் கிளப்பி, அட்டை கிழியாமல் எடுத்துக்கொண்டாள். ஸ்பேனர் டேப் இருந்த இடத்தைத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டார்.

வீட்டில் சித்தப்பா காரை விற்பதற்கான படிவத்தோடு காத்திருந்தார். கார் தம்பி பெயரில் இருந்ததால் அவன் கையெழுத்து வேண்டும். “இதையும் உள்ள வச்சிரு. அப்படியே எழுது: நீ ஊத்தின சரக்காலதான் வண்டி நின்னுதுன்னு. அவனும் தெரிஞ்சுக்கட்டும்.”

“ஊத்தினது அப்பா, சித்தப்பா. ஊத்தச் சொன்னது நான்.”

“நீ எதுக்கும்மா அவன் பழியைத் தலையில தூக்கி வச்சுக்கிறே?”

அவள் அட்டையை மேசையில் வைத்து, போனில் கேட்டதையும் வீட்டில் சொன்னதையும் கடையில் எடுத்ததையும் வரிசையாகச் சொன்னாள். சித்தப்பா அட்டையைத் தூரப்பிடித்து வாய்விட்டுப் படித்தார். பிறகு கிட்டப்பிடித்துப் படித்தார். பிரம்பு நாற்காலியிலிருந்து எழுந்து சோபாவில் போய் உட்கார்ந்தார்.

அம்மா சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் வந்தது. வெகுநேரம் அவள் அதை அணைக்கவில்லை.

“அவனுக்கு இதெல்லாம் எழுதித்தான் ஆகணுமா?” என்று கேட்டாள்.

“தன்னாலதான்னு அவன் நெனச்சிட்டு இருக்காம்மா. அதான் கேட்டிருக்கான்.”

“நீ எழுதினா, அப்புறம் உன்னாலன்னு நெனப்பான்.”

மகள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். அம்மா அடுப்பை அணைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை ஆற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, அட்டையை எடுத்து, படிக்காமல், எழுத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள்.

“‘மகன் சொன்னபடி’ன்னா எழுதிருக்கார்?”

“ஆமாம்மா.”

“அப்ப இதையும் வச்சு அனுப்பு. உங்கப்பா எழுத்து அவனுக்குத் தெரியும்.”

கடிதம் ஐந்து பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் யார் யார், எங்கே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டில் ஏழு பத்து முதல் ஆஸ்பத்திரி நடை வரை. மூன்றிலும் நான்கிலும் பச்சைத் தண்ணி. ஐந்தில் அம்மாவின் ரத்த அழுத்தம், டீச்சர் சித்திக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தது, கார் இப்போது எந்தப் பட்டறையில் நிற்கிறது என்பது. மன்னிப்பு என்ற சொல்லை ஓரிடத்தில் எழுதி, அடித்துவிட்டு, அடித்தது தெரியும்படியே விட்டாள். படிவத்தையும் மடித்து உள்ளே வைத்தாள். விற்பதும் வைத்திருப்பதும் அவன் பாடு.

தபால் நிலையத்தில் கூட்டமில்லை. கவுன்ட்டர்க்காரர் உறையைத் தராசில் வைத்தார்.

“உள்ள கெட்டியா என்ன?”

“ஒரு அட்டை.”

“வளைஞ்சா பரவாயில்லையா?”

“வளையக் கூடாது.”

அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். “இன்னும் ஒட்டவே இல்லையேம்மா.”

“கோந்து இருக்குங்களா?”

“மடிப்புலயே கோந்து காஞ்சிருக்கு பாருங்க. நனைச்சா ஒட்டிக்கும்.” ஸ்பாஞ்ச் கிடந்த சிறு கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். அவள் தயங்குவதைப் பார்த்து, “வெறும் தண்ணிதான், தொடுங்க” என்றார்.

அவள் விரலை நனைத்து மடிப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினாள். மடித்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். பின்னால் ஒருவர் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

“போதும்மா, ஒட்டிக்கிச்சு” என்று கவுன்ட்டர்க்காரர் உறையை வாங்கி, இரண்டு முத்திரை குத்தி, காலடியில் வாய் திறந்து கிடந்த சாக்கில் போட்டார்.