ஒரே ஒரு ‘அல்லது’

அந்த அலுவலகத்தின் மேலதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘பார்க்கலாம்’. எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து உதிர்கிற ஒரே முத்து அதுதான். முடியும் என்றால் வேலை செய்ய வேண்டும். முடியாது என்றால் காரணம் எழுத வேண்டும். பார்க்கலாம் என்றால் ஒரு மண்ணும் செய்ய வேண்டாம். இந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டே மனிதர் நான்கு பதவி உயர்வு வாங்கிவிட்டார்.

தபால் பிரிவுக் குமாஸ்தாவின் மனு மூன்று வருடமாக அவர் மேசையில் கிடந்தது. குமாஸ்தாவின் மனைவிக்கும் இதே துறையில்தான் வேலை, எட்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்த கிளையில். ‘என் மனைவியை இங்கே அல்லது என்னை அங்கே மாற்றி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். மனைவியை இங்கே மாற்றும் உத்தரவு தட்டச்சாகி, ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதற்குள் அம்மாவிடம் வளர்ந்த மகள் பேசக் கற்று, அப்பாவை ‘ஞாயித்துக்கிழமை மாமா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

குமாஸ்தாவுக்கு நாடகக் கிறுக்கு உண்டு. அலுவலக ஆண்டு விழாவுக்கு அவர் எழுதிய நாடகத்தில் ஓர் அதிகாரி வருவார். கோப்பு எதையும் திறக்க மாட்டார். கட்டாக அடுக்கித் தலைக்கு வைத்துத் தூங்குவார். யாரைச் சொல்கிறது என்று வாசல் காவலாளிக்குக்கூடத் தெரிந்தது. ‘பார்க்கலாம்’ குமாஸ்தாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“நாடகம் பிரமாதம்யா. அந்த அதிகாரி வேஷத்த நானே போடறேன்.”

குமாஸ்தா சட்டென்று கைகூப்பினார்.

“சின்னச் சின்னத் திருத்தம் மட்டும் சொல்றேன், பண்ணிடு. உன் மனு என் ஞாபகத்துலயேதான் இருக்கு.”

போதாதா? முதல் ஒத்திகையில் அதிகாரி தூங்கும் காட்சி போயிற்று. அடுத்ததில் அதிகாரி கோப்பைத் திறந்தார். அதற்கடுத்ததில் கண்ணாடி போட்டு, உரக்கப் படித்து, அப்போதே கையெழுத்துப் போட்டார். கோப்பை ஒளித்து வைக்கிற திருடன் பட்டம் பியூன் பாத்திரத்துக்குப் போயிற்று. “பத்து வருஷமா டீ கொண்டாந்து குடுத்ததுக்கு இதுவா சார்?” என்றார், அந்த வேஷம் கட்டிய நிஜப் பியூன். வெட்கங்கெட்ட குமாஸ்தா எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். போதாக்குறைக்கு அதிகாரிக்கென்று ஒரு கைதட்டல் வசனம் வேறு: “என் மேசையில ஒரு ஃபைல் ஒரு ராத்திரி தூங்காது!”

கடைசி ஒத்திகை முடிந்ததும் தலையைச் சொறிந்தபடி கேட்டார்: “சார், அந்த மனு?”

“பார்க்கலாம்.”

அந்த நொடியில்தான் குமாஸ்தாவுக்கு ரோஷம் வந்தது. மறுநாள் மேடைக் கோப்பில் இருந்த வெள்ளைத் தாளை எடுத்துவிட்டு, மூன்று வருடத்து நிஜ உத்தரவை உள்ளே வைத்தார்.

விழாவில் முதல் வரிசையில் ஆணையர். மேடையில் ‘பார்க்கலாம்’ கோப்பைத் திறந்து, கண்ணாடி போட்டு, உரக்கப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் அது நிஜ உத்தரவு என்று புரிந்து நிறுத்தினார். திரைக்குப் பக்கத்தில் நின்ற குமாஸ்தாவை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பியூன் தன் வசனத்தை ரசித்துச் சொன்னார்: “ஐயா, நாளைக்குப் பாத்துக்கலாமே?”

சபை காத்திருந்தது. ஆணையர் முன்னால் சாய்ந்தார். வேறு வழியே இல்லை.

“என் மேசையில... ஒரு ஃபைல்... ஒரு ராத்திரி தூங்காது.”

கையெழுத்து விழுந்தது. குமாஸ்தா ஓடிவந்து மைக்கைப் பிடித்து, “இது நிஜ உத்தரவுங்க! நம்ம சார் மேடையிலயே போட்டுட்டார்!” என்றார். ஆணையர் எழுந்து நின்று கைதட்டினார். மண்டபமே எழுந்தது. ‘பார்க்கலாம்’ பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை குமாஸ்தாவைக் கூப்பிட்டார். முகத்தில் பால் வடிந்தது.

“உன் மனுவ முழுசாப் படிச்சேன்யா. மூணு வருஷத்துல இதுதான் மொதல் தடவ.” ஒரு தாளை நீட்டினார். குமாஸ்தா அங்கே, மனைவி இருந்த கிளைக்கு மாற்றம். உடனே அமல்.

“சார்... ‘அல்லது’ன்னுதானே சார் எழுதியிருந்தேன்?”

“அதுவா இதுவான்னு உன்ன எதுக்கு அலைய விடணும்? கேட்டது ரெண்டையும் குடுத்துட்டேன். என் மேசையில ஒரு ஃபைல் ஒரு ராத்திரி தூங்காது.”

குமாஸ்தா வராந்தாவுக்கு வந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி. பின்னால் பஸ் இரைச்சல்.

“என்னங்க, நேத்தே இங்க என்னை விடுவிச்சிட்டாங்க. வீட்டக் காலி பண்ணிட்டு பாப்பாவோட கிளம்பிட்டேன். சாயங்காலம் வந்துருவோம். கேளுங்களேன், இனிமே தினமும் ஞாயித்துக்கிழமையான்னு கேக்கறா. என்ன சொல்லட்டும்?”

குமாஸ்தா கையிலிருந்த தாளைப் பார்த்தார். வாயில் வந்தது ஒரே சொல்தான்.

“பார்க்கலாம்.”