கழுகு வாங்கிய கேமரா

கட்டுமான இடத்தில் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது மாடி உயரத்தில், ஒற்றை ஆள் உட்காரும் கிரேன் கூண்டுக்குள் இருந்தபடி டன் கணக்கில் இரும்பைத் தூக்கி வைப்பவள். அந்தக் கூண்டில் சாப்பாட்டு டப்பா வைக்கவே இடம் கிடையாது. அதனால்தான் உள்ளங்கையில் அடங்குகிற மிரர்லெஸ் கேமரா ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

விளம்பரத்தைப் பார்த்து ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால், "திருட்டுப் பொருளா இருந்தா நீதான் மாட்டிப்ப" என்று அண்ணன் காலையிலேயே பயமுறுத்தியிருந்தான்.

விற்பவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு, மூடியிருந்த உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி, பில்லு ஏதாவது இருக்கா சார்?"

"வீடு மாத்தினப்ப எங்கயோ போயிடுச்சும்மா."

"இதுல எவ்வளவு படம் எடுத்திருப்பீங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

சொந்தக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர்! லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கீறல் இல்லை. கேமராவை இயக்கி, திரையில் செட்டிங்ஸை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர், கீழே ஒரு போன் நம்பர். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்?"

அவர் சமையலறைக்குள் போனதும், அந்த நம்பரைத் தன் போனில் அழுத்தினாள்.

உள்ளறையில் மணி அடித்தது.

யாரை உள்ளே அடைத்து வைத்திருக்கிறார் இந்த ஆள்? வாசலுக்கு எத்தனை எட்டு என்று கணக்குப் போட்டபோதே உள்ளறைக் கதவு திறந்தது. வலது மணிக்கட்டில் பட்டை கட்டிய ஒரு அம்மாள், இடது கையில் போனோடு நின்றாள்.

"நீதான் கூப்பிட்டியா?"

"கேமராவுல... உங்க நம்பர் இருந்துச்சு."

"என்னோடதுதான். நான்தான் இவரை விக்கச் சொன்னேன். கைமாறுறதக் கண்ணால பாக்க வேணாம்னு உள்ள உக்காந்துட்டேன்." மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "பொறந்த குழந்தைங்கள போட்டோ எடுக்கறதுதான் என் தொழில். பெரிய கேமரா கனக்குதுன்னு இத வாங்கினேன். இப்ப நரம்பு இதையும் தாங்க மாட்டேங்குது."

தண்ணீரோடு வந்த கணவர் அப்படியே நின்றுவிட்டார். கழுகின் முகத்தில் ஈயாடவில்லை.

"மன்னிச்சுக்கங்கம்மா, திருட்டுப் பொருளோன்னு நெனச்சுட்டேன்."

அம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "இவரா? தன் சட்டைய எடுக்கவே என்னைக் கேக்கற மனுஷன்!" உடனே கேமராவின் மேல் இருந்த திருகு சக்கரத்தைக் காட்டினாள். "இது சில நேரம் வழுக்கும். பாத்துக்கோ. ஆமா, நீ என்னத்த எடுக்கப் போற?"

"காலைல பனிமூட்டம் என் கிரேனுக்குக் கீழ கெடக்கும்மா. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

கழுகு பணத்தை எண்ணி மேஜைமேல் வைத்தாள். அம்மாள் ஒற்றைக் கையால் கேமரா வாரை அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"மேல இருக்கறப்ப கழட்டவே கூடாது. விழுந்தா கீழ நிக்கறவன் தலை போயிடும்."

மறுநாள் காலை, வேலை தொடங்குமுன் கழுகு பனியைப் படம் எடுத்தாள். இரும்புத் தூணை அலுங்காமல் இறக்குகிற விரல்கள் அன்று நடுங்கின. படத்தைப் போனுக்கு மாற்றி அம்மாளுக்கு அனுப்பினாள். பதிலே இல்லை. அனுப்பியிருக்கக் கூடாதோ என்று மனசு அடித்துக்கொண்டது.

இடைவேளையில் போனைத் திறந்தபோது பதில் வந்திருந்தது.

"அடிவானம் சாஞ்சிருக்கு. மூச்சப் பிடிச்சுக்கிட்டு நாளைக்கு மறுபடி எடு."