நிறம் பிடிக்காத தகடு

அலெக்சாந்திரியாவின் அரசு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் டாக்டர் இன்ஷிராவுக்கு நோயாளிகளின் முகம் தெரியாது. அவர்களுடைய செல்கள்தான் தெரியும்.

பஹீகா என்ற பெண்ணின் நுரையீரலைச் சுற்றி மூன்றாம் முறையாக நீர் கோத்திருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவள். அந்த நீரில் பெரிய பெரிய செல்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. புற்றுநோயாக இருக்கலாம், வீக்கம் கண்ட நுரையீரல் உறையின் செல்களும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். புற்றுச் செல்லில் மட்டும் ஒட்டிப் பழுப்பாக்கும் எதிர்பொருளைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள் இன்ஷிரா.

நிறம் பிடிக்கவில்லை. டெக்னீஷியன் வக்தி சந்தோஷமாக வந்து, புற்றுநோய் இல்லை என்றான். சோதனை சரிதானா என்று ஒப்பிடக் கூடவே சாயமிட்டிருந்த ஒப்புக் கண்ணாடித் தகட்டை இன்ஷிரா எடுத்துப் பார்த்தாள். நிச்சயமான புற்றுத் திசு அது. அதிலும் நிறம் இல்லை. எதிர்பொருள் கெட்டுப்போயிருந்தது. கையெழுத்துப் போட மறுத்து, கெய்ரோவிலிருந்து புதுப் புட்டி வரவழைத்தாள். பஹீகாவுக்குச் சிகிச்சை செய்யும் மார்பு டாக்டர் அறிக்கை தாமதம் என்று இரண்டு முறை போன் செய்து கடிந்துகொண்டார்.

நாலாம் நாள் பஹீகாவே மூச்சு வாங்க மாடியேறி வந்து நின்றாள்.

"எம் பொண்ணுங்க காசநோய்னு சொல்றாளுங்க, டாக்டரம்மா. ரெண்டு பேருக்கும் பொய் சொல்லவே வராது. நீங்களாவது உண்மையச் சொல்லுங்க."

முடிவைச் சிகிச்சை செய்யும் டாக்டரிடம்தான் கொடுப்பது வழக்கம். ஆனால் இன்ஷிரா அவளை உட்கார வைத்து, முதல் சோதனை கெட்டுப்போனதையும் புதுப் புட்டி அன்றுதான் வந்திருப்பதையும், என்ன நோய் என்று தனக்கே இன்னும் தெரியாததையும் மறைக்காமல் சொன்னாள்.

"தெரியலன்னு சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்கறேன்," என்று சிரித்துவிட்டுப் போனாள் பஹீகா.

மறுநாள் ஒப்புத் தகடு நன்றாகப் பழுப்பேறியிருந்தது. பஹீகாவின் செல்களும்தான். இன்ஷிரா கொஞ்ச நேரம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஹார்மோன் சோதனையும் செய்யச் சொன்னாள். அதிலும் நிறம் பிடித்தது. மாத்திரைக்குக் கட்டுப்படக்கூடிய வகை.

கையெழுத்திட்ட அறிக்கையோடு, மார்பு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வார்டுக்கு அவளே போனாள். பழைய நோய் திரும்பி வந்திருப்பதையும், முழுசாகப் போகாவிட்டாலும் மாத்திரையால் வருஷக்கணக்கில் அடக்கி வைக்க வாய்ப்பிருப்பதையும் நிதானமாகச் சொன்னாள். மகள்கள் அழுதார்கள்.

"சரி," என்றாள் பஹீகா. "இனி எனக்குத் தெரியாம காதுக்குள்ள பேசாதீங்கடி. யாராவது போய் கொஷாரி வாங்கிட்டு வாங்க, பசிக்குது."