குழாய்க்குள் ஒரு லென்ஸ்

அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே லேசரில் வேலை பார்த்தார்கள். அண்ணிக்குக் கணக்கு. தாளும் கணினியும் இருந்தால் அவளுக்குப் பசிகூடத் தெரியாது. நாத்தனாருக்குக் கைவேலை. இரண்டு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில் வாயுவை நிரப்பி, மின்சாரம் பாய்ச்சி, இரு முனைகளிலும் இருக்கும் குழியாடிகளைத் திருகித் திருகி ஒளியைப் பிடிப்பாள். அதனால் எல்லோருக்கும் அவள் 'திருகாணி'.

சிக்கல் இதுதான்: மின்சாரத்தைக் கூட்டினால் ஒளியும் கூட வேண்டும். ஓர் அளவுவரை கூடியது. அதைத் தாண்டியதும் குறையத் தொடங்கியது. கதிர் கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் கட்டியில் அது எரித்த குழியை வைத்துத்தான் அதன் உருவத்தை அறிய முடியும். குறைந்த மின்சாரத்தில் ஆணி இறக்கியதுபோல ஆழமான குழி விழுந்தது. கூட்டினால் தட்டுபோல அகன்ற, ஆழமே இல்லாத பள்ளம்.

"குழாய் ஒடுக்கம்" என்றாள் அண்ணி. "ஒளி விளிம்புல பட்டுச் சிதறுது. போயிட்டு வர ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா இழக்கிறோம். அகலமான குழாய் வாங்கிடலாம்."

"கம்மி கரண்ட்ல மட்டும் ஏன் படல? குழாய் அதே குழாய்தானே அண்ணி?"

அண்ணி பென்சிலைக் கீழே வைத்தாள். "சரி, நீதான் சொல்லேன்."

"வாயுதான் வேலையைக் காட்டுது. வெளியில தண்ணி சுத்துறதால ஓரம் குளிர்ச்சியா இருக்கு, நடுவுல கொதிக்குது. சூடான இடத்துல வாயு மெலிஞ்சிடும். மெலிஞ்ச நடு, அடர்ந்த ஓரம். லென்ஸ் மாதிரி அது ஒளியை விரிச்சு விடுது."

"அந்தக் குழாய்ல இருக்கிறதே துளியூண்டு வாயு. அது போய் லென்ஸாகுமா? விளையாடாதே."

சண்டை வீடுவரை வந்தது. சாப்பாட்டு மேசையில் ஒருத்தி கரண்டியால் குழாய் வரைந்தாள், இன்னொருத்தி அதை விரலால் அழித்தாள். நடுவில் மாட்டிக்கொண்டவன் ஒருத்திக்குக் கணவன், இன்னொருத்திக்கு அண்ணன், பல் டாக்டர்.

"சாப்பிடுற இடத்துல வாயுவைப் பத்திப் பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு" என்றாள் தங்கை.

மூன்றாம் நாள் திருகாணி பேச்சை விட்டுவிட்டுக் காரியத்தில் இறங்கினாள். குழியாடிகளைக் கழற்றிவிட்டு, முனைகளில் சாதாரணக் கண்ணாடித் தகடுகளைப் பொருத்தி, மறுபடி வாயுவை நிரப்பினாள். சின்னச் சிவப்பு லேசர் ஒன்றின் கதிரைக் குழாய் வழியாக, திறந்த கதவைத் தாண்டி, தாழ்வாரக் கோடியிலிருந்த சுவருக்கு அனுப்பினாள். துறைத் தலைவரையே வேறு வழியாகச் சுற்றிப் போகச் சொன்னாள். அண்ணி சுவரில் கட்டத்தாள் ஒட்டி, பென்சிலோடு நின்றாள்.

முதலில் கதிர் குழாயின் இடது ஓரமாகப் போனது. மின்சாரம் பாய்ந்ததும் சிவப்புப் புள்ளி இன்னும் இடப்பக்கம், ஒரு விரலளவு நகர்ந்தது. அணைத்ததும் பழைய இடத்துக்கே வந்தது.

"சூட்டுல குழாய் வளைஞ்சிருக்கும்" என்று அண்ணி அங்கிருந்தே கத்தினாள். "அதான் நகருது."

"வளைஞ்சிருந்தா எந்தப் பக்கமா விட்டாலும் இடதுக்குத்தானே போகணும்? இப்ப வலது ஓரமா விடுறேன், பாருங்க."

புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது. நடுவில் விட்டபோது இடம் மாறாமல் அப்படியே அகன்றது.

திருகாணி தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தாள். அண்ணி கட்டத்தாளைக் கிழித்து எடுத்து, தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"அடிப்பாவி, லென்ஸேதான்! வாயு விரிச்சு விடுது, விரிஞ்ச ஒளி விளிம்புல போய்ப் படுது. நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. ஆனா அகலக் குழாய் வாங்கியிருந்தா மாட்டியிருப்போம். அதுல நடுப்பகுதி இன்னும் சூடாகும்."

"அப்ப என்ன பண்றது?"

"வாயு விரிக்கிறதைக் குழியாடி சேர்த்துப் பிடிக்கணும். இப்ப இருக்கிறதைவிடக் குழிவு கூடுதலா வேணும். எவ்வளவுன்னு இதோ சொல்றேன்."

அண்ணி சொன்ன அளவுக்கு நெருக்கமான குழியாடி ஒன்று அலமாரியிலேயே இருந்தது. மறுநாள் காலை திருகாணி அதை ஒரு முனையிலும் பழையதை மறுமுனையிலும் மாட்டி, மதியம்வரை திருகினாள். பிறகு மின்சாரத்தைக் கூட்டினார்கள். பழைய எல்லை வந்தது, தாண்டியது. ஒளி அளவுமானியின் முள் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. பிளாஸ்டிக் கட்டியில் கதிர் மறுபக்கம்வரை துளைத்திருந்தது. அண்ணி அந்தத் துளைக்குள் பென்சிலை விட்டு விட்டு எடுத்தாள், குழந்தைபோல.

அறிக்கையில் யார் பெயர் முதலில் வருவது என்று மறுபடி ஒரு வாக்குவாதம். "உன் பேர்தான் முதல்ல" என்று அண்ணியும், "இல்ல, உங்க பேர்தான்" என்று திருகாணியும் விட்டுக்கொடுக்கவே இல்லை.

சாயங்காலம் பல் டாக்டர் காரோடு வந்து நின்றான். இருவரும் பின் இருக்கையில் ஏறி, மடியில் தாளை விரித்தார்கள்.

"நான் என்ன டிரைவரா? யாராவது ஒருத்தர் முன்னாடி வாங்களேன்."

யார் காதிலும் விழவில்லை. அவன் கண்ணாடியில் இரண்டு முகங்களையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.