டிக்கெட் கொடுப்பவள்

ஈரப் பஞ்சால் உதடுகளை நனைத்துக்கொண்டிருந்தபோது அவர் மறுபடியும் கேட்டார். கொரிய மொழியில்தான். கேட்டுவிட்டு, பதிலுக்காக மனைவியின் முகத்தையே பார்த்தார்.

"ஏங்க, தமிழ்ல சொல்லுங்க. தண்ணி வேணுமா? திரும்பிப் படுக்கணுமா?"

கண்ணை மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்து அதே வரி.

இன்று தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். மத்தியான வெயில் திரைச்சீலை வழியாக வடிந்து, அறை முழுக்க மஞ்சளாக மிதந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவளிடம், கடைசியாக ஒரு வார்த்தை புரிகிற மாதிரி சொல்லக்கூடாதா? அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பல்கலைக்கழகத்து லிஃப்ட்டைச் சரிசெய்யப் போன இடத்தில் கொரிய வகுப்பு காதில் விழுந்து, ஓய்வு பெற்ற கையோடு அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார். முதல் வருஷம் எல்லாப் பாடமும் இருவர் பேசும் உரையாடல். தட்டுத் தடுமாறாமல் வந்தால்தான் ஆசிரியை அடுத்த பாடத்துக்கு விடுவார். வீட்டில் எதிர்ப்பக்கம் பேச ஆள் வேண்டுமே! பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டு வந்தவள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அவர் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிய கொரிய வரிகளைப் படித்துக் கடைக்காரியானாள், நர்ஸானாள், டிக்கெட் கொடுப்பவளானாள். ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது.

அப்புறம் அவர் தேறிவிட்டார். கூடப் பேச வகுப்புப் பெண் ஒருத்தி கிடைத்தாள். படிப்பின் கடைசி வருஷத்தில் மூடிய கதவுக்குப் பின்னால் இருவருக்கும் கொரிய மொழியில் ஏதேதோ விவாதம் நடந்தது. இவளுக்குப் பழக்கமான ஒரு சத்தம்கூட அதில் இல்லை. விட்டது தொல்லை என்று எல்லாரிடமும் சொன்னாள். உள்ளுக்குள் பொறாமையாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்குத்தான் மகன் ஃபோன் செய்திருந்தான். வந்ததும் கட்டிலோரம் மண்டியிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"ஃபர்ஸ்ட் இயர் பாடம் ஆன்ட்டி. ஸ்டேஷன்ல நின்னு கேக்குறாரு. ஒரு டிக்கெட் வேணுமாம்."

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பதில் சொல்லும்மா. தவிக்கிறாரு பாரு," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள் அவள்.

பெண் சொன்னாள். வழுக்கிக்கொண்டு போகிற அழகான உச்சரிப்பு. அவர் புருவம் சுருங்கியது. பார்வை அந்தப் பெண்ணைத் தாண்டிப் பின்னால் நின்றவளிடம் வந்தது. மறுபடி அதே வரி.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஈரக் கையைத் துண்டில் துடைத்தாள். எப்போதோ சொன்னது, ஞாபகம் இருக்குமா என்று பயமாக இருந்தது. வாய் மறந்திருக்கவில்லை.

"ஒதிக்காஜி கசேயோ?"

அவர் நெற்றி தளர்ந்தது.

"எங்க வரைக்கும் போறீங்கன்னு கேட்டீங்க ஆன்ட்டி," என்றாள் பெண், மெதுவாக.

இத்தனை தடவை இதையா கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் திக்கென்றது.

அவர் ஊர்ப் பெயர் சொல்லவில்லை. இன்னும் எதற்கோ காத்திருந்தார்.

"அடுத்து அங்கிள்தான் பேசணும். பாடத்துல அப்படித்தான் இருக்கு."

பாடத்தில் அப்படித்தான். ஆனால் பல் ஆஸ்பத்திரியில் பில் போட்டுப் பழகிய வாய், இந்த இடத்தில் எப்போதும் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்துவிடும். அவரும் ஒருநாள்கூடத் திருத்தியதில்லை.

"சில்லறையா குடுங்க சார். பின்னாடி எத்தனை பேரு நிக்கிறாங்க பாருங்க."

உதட்டின் ஒரு ஓரத்தில் சிரிப்பு வந்தது. அவளுக்கே அவளுக்கான சிரிப்பு. கை எழுந்து, பனியனில் இல்லாத பையைத் துழாவியது. எதையோ எடுத்து, மூடிய விரல்களோடு அவளிடம் நீண்டது. அவள் உள்ளங்கையை விரித்தாள். அவர் விரல்கள் அதன்மேல் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"சரியா இருக்கு," என்றாள்.

தெருவில் ஏதோ பெரிய வண்டி போனது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அறையே மெல்ல நகர ஆரம்பித்த மாதிரி இருந்தது. அது நின்றபோது அவர் மூச்சும் நின்றிருந்தது.

மகன் தரையில் உட்கார்ந்து அழுதான். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி அந்தப் பெண் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் குடிங்க ஆன்ட்டி."

அவள் இடது கையால் வாங்கிக்கொண்டாள். வலது கை மடியில் மூடியே இருந்தது.